எல்லைக்கு அந்தப் பக்கம் ஆலை, இந்தப் பக்கம் கிணறு: புகாரை யாரிடம் கொடுப்பது?

கேள்வி இதுதான்: "பக்கத்து ஆலையின் கழிவுநீர் எங்கள் கிணற்றில் இறங்குகிறது. பஞ்சாயத்து, மாவட்டம், மாசு வாரியம் என்று எங்கே போனாலும் வேறொருவரைக் கைகாட்டுகிறார்கள். முதலில் யாரிடம் போவது?"

ஏழு மாதம் இதற்காக அலைந்தவள் நான். எங்கள் கதையில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. ஆலை தமிழ்நாட்டில், கிணறு கேரளாவில்.

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை தாண்டி, சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் எங்கள் தோட்டம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து நோட்டீஸில் மலையாளம். நிலம் மேற்கே சரிவதால் பொள்ளாச்சிப் பக்கத்து மழைத்தண்ணீர் எங்கள் ஓடைகள் வழியாகத்தான் சித்தூர்ப் புழைக்குப் போகும். மேட்டில் ஒரு தென்னைநார் மில் இருக்கிறது. நார் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் தூசியைத் தவிரத் தொந்தரவில்லை. பிறகு ஏற்றுமதிக்காக பித், அதாவது நார் எடுத்த பின் மிஞ்சும் துகளை, கழுவ ஆரம்பித்தார்கள். தென்னை நார்த்துகளில் இயல்பாகவே உப்பு அதிகம். உப்பு குறைந்த பித் வேண்டும் என்று வெளிநாட்டு நர்சரிக்காரர்கள் கேட்பதால், தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்ப அலசுவார்கள். அப்படி அலசிய தண்ணீர் உப்பையும் மட்டையின் சாயத்தையும் சுமந்துகொண்டு கட்டங்காப்பி நிறத்தில் வரும். எங்கள் கிணறும் அந்த நிறத்துக்கு வந்தது.

முதலில் இந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். "ஸோர்ஸ் தமிழ்நாட்டிலாணல்லோ சேச்சி" என்றார்கள். கழிவு கிளம்பும் இடம் தமிழ்நாட்டில்தானே அக்கா என்று அர்த்தம். சரி என்று பஸ் ஏறி அந்தப் பக்கம் போனால், "ஏனுங்க, கெணறு கேரளாவுல இருக்குது, நாங்க எப்படிங்க வர்றது?" என்றார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல்.

முடிச்சு எங்கே இருக்கிறது என்று புரியவே இரண்டு மாதம் ஆனது. கிணறு கெட்டதற்காக மாசு வாரியம் ஆலைக்குள் வராது. கழிவு வெளியேறும் இடம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறதோ, அதை ஆளும் மாநிலத்து வாரியம்தான் உள்ளே போக முடியும். அதனால் "எங்கள் கிணறு நாசமாகிவிட்டது" என்று மனுவைத் தொடங்காதீர்கள். "இந்தக் கிராமம், இந்த சர்வே எண், இந்த இடத்திலிருந்து கழிவுநீர் ஓடையில் விடப்படுகிறது" என்று தொடங்குங்கள். கிணற்றுக் கதை இரண்டாவது பத்தியில் வரட்டும். தமிழ்நாட்டு நிலம் என்றால் சர்வே விவரத்தை அரசின் இணையச் சேவையிலேயே பார்த்துவிடலாம். எனக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒரு டீக்கே சொல்லிவிட்டார்.

அடுத்தது தேதி. நானே ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரை மேசை மேல் வைக்கக்கூட விடவில்லை. அதில் சட்ட நியாயம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வாரிய அதிகாரி ஆலைக்காரரிடம் அங்கேயே முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்து, முத்திரை வைத்து அனுப்பும் மாதிரிதான் வழக்கில் நிற்கும். ஆனால் அவர் வரும் நாளில் ஓடை காய்ந்து கிடந்தால்? எங்களுக்கு முதல் தடவை அதுதான் நடந்தது. "ஒண்ணுமே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து என் மாமியார் ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கினார்: எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன நிறம். மூன்று மாதக் குறிப்பைப் பார்த்தால் விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. பெரும்பாலும் ஞாயிறு ராத்திரிதான் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, "திங்கள் காலை 6 மணிக்கு வாருங்கள்" என்று மனுவோடு இணைத்தோம். வந்தார்கள். ஓடையும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்காகச் சொந்தச் சோதனை வீண் என்று நினைக்க வேண்டாம். கேரள வாட்டர் அதாரிட்டி (குடிநீர் வாரியம்) ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துக் கொடுப்பார்கள். குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை. எங்களுடையது அந்த மேல் வரம்பையும் தாண்டியிருந்தது. வழக்குக்கு உதவாத அந்தக் காகிதத்தைக் காட்டிய பிறகுதான் பஞ்சாயத்து செக்ரட்டரி தன் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதினார். தனி ஆளின் மனுவும் பஞ்சாயத்தின் கடிதமும் ஒரே எடை அல்ல. எங்கள் தாலுகாவிலேயே உள்ள பெருமாட்டி பஞ்சாயத்து 2003-இல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும், 2004-இல் ஆலை நின்றதும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இன்றும் பஞ்சாயத்துக்காரர்களுக்கு அந்தப் பெருமையை லேசாக ஞாபகப்படுத்தினால் பேனா கொஞ்சம் வேகமாக ஓடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பினேன். இரண்டு மாநில மாசு வாரியங்களின் மாவட்ட அலுவலகங்கள், பாலக்காடு, கோயம்புத்தூர் கலெக்டர்கள் என நாலு பேருக்கும் ஒரே மனு. மற்ற மூன்று பேருக்கும் நகல் போகிறது என்பதை ஒவ்வொன்றின் கீழேயும் எழுதினேன். கைகாட்டும் விளையாட்டு அதோடு நின்றது. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

சித்தூர், தேவிகுளம் பக்கத்துத் தமிழர்களுக்குத் தனியாக ஒன்று. மலையாளம் எழுத வராது என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். எனக்கு வந்த பதில் மலையாளத்தில்தான் இருந்தது, அது வேறு விஷயம். சட்டத்தைச் சொல்லித் திரும்ப எழுதியபோது தமிழில் வந்தது, ஏகப்பட்ட எழுத்துப் பிழையோடு.

ஆலைக்கு என்ன நிபந்தனையில் இசைவாணை (ஆலையை இயக்க மாசு வாரியம் தரும் அனுமதி) கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், 30 நாள். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று எங்கள் ஆலையின் இசைவாணையிலேயே இருந்தது. அந்த வரியை அடிக்கோடிட்டு அனுப்பியதற்குக் கிடைத்த மரியாதை, நான் மூன்று பக்கம் அழுது எழுதியதற்குக் கிடைக்கவில்லை.

இதற்கும் அசையவில்லை என்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. இரண்டு மாநிலத்துக்கும் ஒரே அமர்வு என்பதால் எல்லைச் சண்டை அங்கே எடுபடாது. கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலியில் கொட்டிய விவகாரத்தில், 2024 டிசம்பரில் இந்த அமர்வு மூன்று நாள் கெடு வைத்ததும் கேரளாவிலிருந்தே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. வக்கீல் இல்லாமலும் மனு போடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீட்டுக்கு 5 வருடம். நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதிலேயே அந்த ஆறு மாதம் போய்விட்டது. நீங்கள் முதல் நாளே தேதியைக் குறித்து வைத்துவிடுங்கள்.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. நோட்டீஸ் போனது, மில்லில் கான்கிரீட் தொட்டி கட்டினார்கள், ஓடைக்குப் போகும் குழாயை அடைத்தார்கள். இரண்டு மழைக்காலம் போன பிறகு கிணற்றில் காப்பி நிறம் போய்விட்டது. தென்னைக்குப் பாய்ச்சுகிறோம், மாடும் குடிக்கிறது. வீட்டுக்கு இன்னமும் பைப்புத் தண்ணீர்தான். மாமியார் நோட்டை மூடவில்லை. ஞாயிறு ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு ஓடைவரை போய்வருகிறார்.