பெங்களூரு பீன்யா அலுவலகத்தில் ஐபி போன் குரல் சாயங்காலம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. இன்டர்நெட் ஸ்பீடைக் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். 40 போன், 100 எம்பிபிஎஸ் டவுன்லோட், 20 எம்பிபிஎஸ் அப்லோட், ஆறு மணிக்கு சர்வர் பேக்கப் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, எதிர்முனைக்காரருக்குத்தான் குரல் உடைகிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் சிக்கல் அப்லோட் பக்கம்.

குரலை டேட்டாவாக மாற்றும் ஜி.711 கோடெக் பொதுவாக செகண்டுக்கு 50 பேக்கெட் அனுப்பும். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், முகவரி, வரிசை விவரங்கள் இருக்கும் ஐபி-யுடிபி-ஆர்டிபி ஹெடர் 40, ஈதர்நெட்டுக்கு 18. ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ். 15 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் சுமார் 1.3 எம்பிபிஎஸ்தான். ஆனால் பேக்கப் ஏறும்போது ரவுட்டர் பஃபரில் (பேக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) 1 மெகாபைட் தேங்கினால், 20 எம்பிபிஎஸ்ஸில் அது வடிய 400 மில்லிசெகண்ட் ஆகும். குரல் பேக்கெட் அதற்குப் பின்னால் நிற்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 தாமதத்துக்குப் பரிந்துரைப்பது ஒருவழிக்கு 150 மில்லிசெகண்டுக்குள். அப்லோடை 50 ஆக்கினாலும் பேக்கப் அதையும் நிரப்பிவிடும்.

பேக்கப் ஓடும்போது கூகுளின் 8.8.8.8-க்கு பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, நடுவில் பேக்கப்பை நிறுத்துங்கள். பிங் நேரம் சட்டென்று இறங்கினால் காரணம் இதுதான்.

ரவுட்டரில் அப்லோடை 18 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப் செய்து (அதாவது அதற்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தி), அதற்குள் டிஎஸ்சிபி 46 என்ற குரல் அடையாள எண் உள்ள பேக்கெட்டுகளுக்கு முதல் இடம் கொடுங்கள். குரலுக்கு 2 எம்பிபிஎஸ் உச்சவரம்பு போதும். ஷேப்பிங்கை விட்டுவிட்டு முன்னுரிமை மட்டும் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் பேக்கெட் வரிசை (கியூ) ஐஎஸ்பி மோடத்துக்குள் போய்விடும், அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது.

உள்ளே, போன்களுக்குத் தனி வாய்ஸ் விலான் (அதே வயரில் பிரித்த தனி நெட்வொர்க்) போடுங்கள். ஸ்விட்ச் போர்ட்டில் டிஎஸ்சிபி டிரஸ்ட், அதாவது போன் போட்ட எண்ணை மாற்றாமல் விடும் செட்டிங், இருக்கிறதா பாருங்கள்; இல்லாவிட்டால் சில ஸ்விட்சுகள் 46-ஐ 0 ஆக்கி அனுப்பும், ரவுட்டரில் செய்ததெல்லாம் வீண். ஸ்விட்சில் லூப்பைக் கண்டு போர்ட்டை மூடும் எஸ்டிபியும் பிபிடியூ கார்டும் கட்டாயம். மேசையைச் சுத்தம் செய்பவர் போனின் பிசி போர்ட் வயரையும் சுவர் சாக்கெட்டில் சொருகினால் பேக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வரும் லூப் ஆகி, மாடி முழுக்க நெட்வொர்க் படுத்துவிடும்.

கால் சரியாக 32 செகண்டில் அறுந்தால், போனை எடுத்ததும் போகும் பதிலுக்கு மறுமுனையிலிருந்து வரவேண்டிய ஏசிகே (கிடைத்தது என்ற உறுதி) வந்து சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் இது, கால் செய்திகளில் உள்ள முகவரியை மாற்றும் ரவுட்டர் வசதியான எஸ்ஐபி ஏஎல்ஜி செய்யும் வேலை, முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் குரல் வந்தாலும் அங்கேயே தொடங்குங்கள்.

கரண்ட் போனாலும் போன் ஓட, பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் வயரிலேயே போனுக்கு மின்சாரம் தருவது), ரவுட்டர், ஃபைபர் மோடம் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மோடத்தை மறந்துவிடுவார்கள். லிஃப்ட் போன், ஃபயர் அலாரம் டயலர் இரண்டும் பழைய காப்பர் டெலிபோன் லைனில் இருந்தால் அதிலேயே விடுங்கள். அந்த லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது.