வேலையை விட்டுவிட்டு பிஜிக்குப் படிக்கலாமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். மாதம் 70,000 ரூபாய். 10% வரி பிடித்தம் போக 63,000 கைக்கு வருகிறது. வீட்டுக்கு 15,000 அனுப்புகிறேன், என் செலவு 20,000. சேமிப்பு 4.5 லட்சம், கடன் இல்லை. எம்.எஸ். ஜெனரல் சர்ஜரிதான் இலக்கு. நைட் டியூட்டி முடித்து வந்தால் படிக்க முடியவில்லை. மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இப்போதே வேலையை விடலாமா?

பதில்: விடலாம் டாக்டர், ஆனால் இப்போது வேண்டாம். கடைசி ஐந்து மாதத்துக்கு விடுங்கள்.

மாதம் 35,000 வீதம் 12 மாதத்துக்கு 4.2 லட்சம். பணம் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் தேர்வு எழுதும் நாளில் உங்கள் கையில் வெறும் 30,000 இருக்கும். அந்தத் தேதியையும் நம்ப முடியாது. 2024-ல் ஜூன் 23 என்று அறிவித்த தேர்வை முந்தின நாள் இரவு தள்ளிவைத்து ஆகஸ்ட் 11-ல் நடத்தினார்கள். 2025-ல் ஜூன் 15 என்றிருந்தது. ஒரே ஷிஃப்டில் நடத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் ஆகஸ்ட் 3-க்குப் போனது. இரண்டு முறையும் சரியாக ஏழு வாரம். உங்கள் செலவுக்கு அதுவே 56,000 ஆகிறது. அப்புறம் ரிசல்ட், கவுன்சலிங், ஒவ்வொரு சுற்றுக்கும் காத்திருப்பு. அதனால் தேர்வு நாள் வரைக்கும் இல்லாமல், மேற்படிப்பில் சேர்ந்து முதல் ஸ்டைபெண்ட் (மாத உதவித்தொகை) வரும் நாள் வரைக்கும் கணக்குப் போடுங்கள்.

அடுத்த ஏழு மாதம் வேலையில் இருங்கள், ஆனால் நைட் வேண்டாம் என்று நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள். சம்பளம் 50,000 ஆகக் குறைந்தாலும் பரவாயில்லை. பிடித்தம் போக 45,000 வரும், மாதம் 10,000 மிஞ்சும். பிறகு ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்து படித்தாலும் தேர்வன்று 3.45 லட்சம் கையில் நிற்கும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 10% பிடித்தம்தான். 2025-26-க்கான உங்கள் 26ஏஎஸ் படிவத்தை (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) வருமான வரித் தளத்தில் திறந்து, பிரிவு என்ற இடத்தில் 194ஜே என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மருத்துவமனை உங்களுக்குத் தருவது சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். பல டியூட்டி டாக்டர்களுக்கு இது தெரிவதே இல்லை. அப்படியானால், டாக்டர் போன்ற தொழில்முறையாளர்களுக்கான 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். 2025-26-ல் முழு வருடமும் 70,000 வாங்கியிருந்தால் வரவு 8.4 லட்சம், வருமானம் 4.2 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் வரியே கிடையாது. பிடித்த 84,000 முழுசாகத் திரும்பி வரும், ஐடிஆர்-4 என்ற வருமான வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்தால். கெடு தவறினால் டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்யலாம். அதையும் விட்டால், பிறகு போடும் அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. மருத்துவமனை ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) தந்திருந்தால் மட்டும் இந்த வழி உங்களுக்கு இல்லை.

இந்தப் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வங்கி எஃப்டியில் மூன்று நான்கு துண்டாகப் போட்டு வையுங்கள், தேவைக்கு ஒன்றை உடைத்தால் மற்றவை தப்பிக்கும். வரி மிச்சம் என்று யாராவது யூலிப் (முதலீடும் சேர்ந்த காப்பீட்டுத் திட்டம்) விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். அதற்கான 80சி வரிக் கழிவே புதிய முறையில் இல்லை.

நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கும் விருப்பம் கொடுப்பதாக இருந்தால், எம்சிசி (மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு) கவுன்சலிங்கில் 2 லட்சம் டெபாசிட் கட்ட வேண்டும். திருப்பித் தரக்கூடியதுதான், ஆனால் விதியை மீறி சீட்டை விட்டால் போய்விடும். அந்த 2 லட்சத்தைச் செலவுப் பணத்தோடு கலக்காதீர்கள். தேர்வு முடிந்த வாரமே ஏதாவது ஒரு மருத்துவமனையில் டியூட்டிக்குப் போய்விடுங்கள், நைட்டாக இருந்தாலும் சரி. கவுன்சலிங் முடியும்வரை வீட்டுச் செலவை அந்த வருமானம் பார்த்துக்கொள்ளும்.