எஃகில் வலிமையும் நீட்சியும் ஒருசேரக் கூட முடியுமா?

கலப்புத் தனிமங்களைச் சேர்த்தால் எஃகின் வலிமை கூடும், நீட்சி குறையும் என்று படித்திருக்கிறோமே, இரண்டும் கூடிய எஃகு எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்தது கார்பனுக்குப் பெரும்பாலும் சரி. எல்லாத் தனிமங்களுக்கும் அதையே விதியாக்குவதை என்னால் ஏற்க முடியாது.

மாங்கனீசைப் பாருங்கள். 1882-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் என்ற உலோகவியலாளர் எஃகில் மாங்கனீசின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். சில விழுக்காடு சேர்ந்தபோது எஃகு நொறுங்கியது. அவர் அத்துடன் விடவில்லை. 12 விழுக்காட்டை ஒட்டி, ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கார்பனுடன், நன்றாகச் சூடாக்கி நீரில் குளிர்வித்தபோது, அடிபட அடிபட இறுகும் எஃகு கிடைத்தது. ரயில் பாதைச் சந்திப்புகளிலும் கல்லுடைக்கும் இயந்திரத் தாடைகளிலும் இன்றும் அது உழைக்கிறது.

இழுக்கப்படும் தகடு எங்கே மெலியத் தொடங்குகிறதோ அங்கேதான் அறும். மெலியும் இடம் உடனே இறுகிவிட்டால், அடுத்த பகுதி நீளத் தொடங்கும். வலிமையும் நீட்சியும் அப்போது ஒரே காரணத்தால் வளர்கின்றன. 15 முதல் 30 விழுக்காடு மாங்கனீசு கொண்ட ட்விப் (TWIP) என்னும் எஃகு வகையில் நடப்பது இதுதான். சாதாரண எஃகில் உயர் வெப்பத்தில் மட்டும் இருக்கும் ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பை மாங்கனீசு அறை வெப்பநிலையிலும் நிலைக்கச் செய்கிறது. இழுக்கும்போது படிகங்களுக்குள் மெல்லிய இரட்டைப் படிக அடுக்குகள் (சுற்றியுள்ள படிகத்தின் கண்ணாடிப் பிம்பம் போன்றவை) தோன்றி, அணுத் தளங்கள் மேற்கொண்டு நழுவுவதைத் தடுக்கின்றன. 1000 மெகாபாஸ்கலை ஒட்டிய இழுவலிமையுடன் 50 விழுக்காட்டுக்கு மேல் நீளும் வகைகள் உண்டு.

இந்த அடுக்குகள் தோன்ற, அடுக்குப் பிழை ஆற்றல், அதாவது அணுத் தளங்களின் அடுக்கு வரிசை பிறழத் தேவைப்படும் ஆற்றல், ஏறக்குறைய சதுர மீட்டருக்கு 20 முதல் 40 மில்லிஜூல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஆஸ்டெனைட் மார்டென்சைட் என்ற வேறொரு படிக அமைப்பாக மாறும். மிகுந்தால் வெறும் நழுவல்தான். அலுமினியம் அதை ஏற்றும், சிலிக்கான் இறக்கும்.

இழுக்கும்போது ஆஸ்டெனைட் மார்டென்சைட்டாக மாறி இறுகும் ட்ரிப் (TRIP) எஃகில் சிலிக்கானின் வேலை வேறு. சுமார் 1.5 விழுக்காடு சிலிக்கான், இரும்பும் கார்பனும் சேர்ந்த சிமென்டைட் உருவாவதைத் தடுப்பதால், கார்பன் ஆஸ்டெனைட்டில் சேர்ந்து அதைக் காப்பாற்றுகிறது. நயோபியமோ 0.05 விழுக்காட்டுக்குள்ளேயே படிகத் துகள்களை நுணுக்கி, வலிமையையும் முறிவைத் தாங்கும் திறனையும் சேர்த்தே உயர்த்துகிறது.

ஆனால் இழுவைச் சோதனையின் எண்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். அலுமினியம் இல்லாத ட்விப் தகட்டை அச்சில் ஆழமாக அழுத்தி எடுத்தால், அப்போது நன்றாக இருந்துவிட்டு, ஹைட்ரஜனால் பிறகு விரிசல் விடக்கூடும். 1.5 விழுக்காடு அளவுக்கு அலுமினியம் சேர்ப்பது அந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது.