ஹீட் மேட்டை அணைக்கும் முன் பாம்பின் வயிறு காலியாகட்டும்

கேள்வி: இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறோம். என் மகன் ஒரு ஜோடி கார்ன் பாம்பு வளர்க்கிறான். ஆணுக்கு 4 வயது, பெண்ணுக்கு மூன்றரை. பெண் 390 கிராம் இருக்கிறது. இரண்டும் ஒரே தொட்டியில்தான். வசந்தத்தில் இணை சேர்க்க வேண்டுமானால் இப்போதே, அக்டோபர் முடிவதற்குள், ஹீட் மேட்டை (தொட்டிக்குச் சூடு தரும் மின் விரிப்பு) அணைத்துக் குளிரில் விடச் சொல்கிறார்கள் அவன் நண்பர்கள். போன வெள்ளிக்கிழமைதான் இரண்டும் எலி தின்றன. இந்த வார இறுதியில் அணைக்கலாமா?

பதில்: வேண்டாம். வயிற்றில் எலி இருக்கும்போது உடம்பு குளிர்ந்தால் பாம்பின் செரிமானம் நின்றுவிடும். எலி அழுகுவது நிற்காது. பாம்பு அதைக் கக்கினால் அதிர்ஷ்டம். கக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இணை சேர்ப்பதற்கு முன் இப்படிக் குளிரில் அடங்கியிருக்க விடும் குளிர் ஓய்வில் நேரும் சாவுகளில் இது எளிதில் தவிர்க்கக்கூடியது.

வெள்ளிக்கிழமை தின்றதையே கடைசி இரையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு குறைந்தது 2 வாரம், முடிந்தால் 3 வாரம், இரை கிடையாது. சூடு மட்டும் வழக்கம்போல. தொட்டியின் சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். எச்சம் போட்டதா என்று தினமும் பாருங்கள். பழுப்பு நிற மலத்தோடு சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கட்டியும் விழும். 2 வாரத்துக்குப் பிறகும் எதுவும் வராவிட்டால், பாம்பின் பாதி உடம்பு நனையும் அளவு வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம், பக்கத்திலேயே இருந்து, ஊறவிடுங்கள். பெரும்பாலும் எச்சம் வந்துவிடும்.

இந்த இடைவெளியில் செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டையும் பிரிப்பது. ஒரே தொட்டியில் கக்கிக் கிடந்தால் எது கக்கியது என்றே தெரியாது. பெண் ஏற்கெனவே இணை சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதைவிட, அது உண்மையில் ஆணும் பெண்ணும்தானா? நம்மூரில் ‘சாரையும் நல்லபாம்பும் பிணையுது’ என்று கூட்டம் கூடிப் பார்ப்பார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்லுக்கட்டு. கார்ன் பாம்பும் சாரையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதனால் பின்னிக்கொண்டதைப் பார்த்து ஜோடி என்று முடிவுகட்ட முடியாது. ஆணுக்கு எச்சத்துளைக்குக் கீழே வால் சற்று தூரம் தடிப்பாக வந்து பிறகு மெலியும். பெண்ணுக்குச் சட்டென்று ஒடுங்கும். சந்தேகம் இருந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் எச்சத்துளைக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். வீட்டில் அதை முயல வேண்டாம்.

அவரிடம் போகும்போது எச்சத்தையும் கொண்டுபோங்கள். குளிரில் பாம்பின் நோய் எதிர்ப்பு குறைந்துவிடும். உள்ளே அடங்கியிருக்கும் ஒட்டுண்ணி அப்போது தலைதூக்கும். இரைப்பையைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக்கும் சோதனை கேளுங்கள். மூச்சு விடும்போது சீறல், வாயோரம் சளி, செதிலிடுக்கில் பேன் இருந்தால் இந்த ஆண்டு குளிரூட்டுவதை மறந்துவிடுங்கள்.

பெண்ணின் எடைக்கு வருவோம். 3 வயது, 3 அடி, 300 கிராம் என்று வளர்ப்பவர்கள் சொல்வது கீழ் எல்லை. 390 கிராம் அதைத் தாண்டிவிட்டது, நல்லது. ஆனால் தராசு மட்டும் போதாது. முதுகைத் தடவிப் பாருங்கள். முதுகெலும்பு ஓட்டுக்கூரையின் முகடு போலக் கூராகத் தட்டுப்பட்டால் மெலிவு. வாலருகே மடிப்பு மடிப்பாகத் தொங்கினாலோ, வளையும்போது செதில்களுக்கு இடையே தோல் தெரிந்தாலோ கொழுப்பு. இரண்டு நிலையிலும் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம்.

எல்லாம் சரியென்றால் நவம்பர் நடுவில் தொடங்குங்கள். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துப் படிப்படியாக 10 முதல் 13 டிகிரிக்கு இறக்கி, 8 முதல் 10 வாரம் இருட்டில், தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். குடிநீர் எப்போதும் இருக்க வேண்டும். 2 வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள்; பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மெல்லச் சூடேற்றி எழுப்பிவிடுங்கள். காரேஜ் சரிப்படாது. உறைபனி இரவில் கீழே போகும், வெயிலடித்தால் ஏறும். 16, 17 டிகிரியிலேயே நின்றாலும் தொல்லைதான்: தூங்கவும் செய்யாது, தின்னவும் செய்யாது, உடம்பு கரையும்.

அப்படி நிலையான குளிர் தரும் இடம் வீட்டில் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. இவற்றின் பூர்வீகம் அமெரிக்காவின் தென்கிழக்கு. புளோரிடாவில் உள்ளவை குளிர்காலத்திலும் வெயில் நாளில் வெளியே வரும். வீட்டிலும் ஆழ்ந்த குளிர் இல்லாமலே பல ஜோடிகள் முட்டை வைக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கைப் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்குப் போடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காக்காரரான அதை 12 டிகிரியில் வைத்தால் நுரையீரல் நோய்தான் மிஞ்சும்.

எழுப்பும்போதும் அதே நிதானம். முழுச் சூடு வந்து சில நாள் கழித்து, வழக்கத்தைவிடச் சின்ன எலி. அது செரித்த பிறகு பெண்ணுக்கு 5 நாளுக்கு ஒருமுறை கொடுத்துத் தேற்றுங்கள். வசந்தத்தில் ஆண் இரையைச் சீண்டாமல் கண்ணாடியோரம் அலைந்துகொண்டே இருக்கும், பதற வேண்டாம். பெண் முதல் சட்டை உரித்ததும் ஆணின் பெட்டியில் விடலாம். இரை தின்ற மறுநாள் விடாதீர்கள்.

அதற்கு முன் பாம்பு வாங்கிய இடத்தில் ஒன்று கேளுங்கள்: சன்கிஸ்டு என்ற நிற வழி இவற்றில் கலந்திருக்கிறதா? அந்த வழியில் ஸ்டார்கேஸர் என்ற மரபணுக் குறை வந்திருக்கிறது. தாய், தகப்பன் இரண்டிடமும் அது ஒளிந்திருந்தால், சில குஞ்சுகள் தலையை நேராக நிறுத்த முடியாமல் முறுக்கிக்கொண்டு பிறக்கும். மரபணுச் சோதனை உண்டு.

இணை சேர்ந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முட்டை. ஈரப் பாசி போட்ட மூடிய டப்பா அதற்கு முன்பே உள்ளே இருக்கட்டும். ஒரு ஈட்டில் 10 முதல் 20 முட்டை வரும். அத்தனை குஞ்சுக்கும் தனித்தனி டப்பாவும், தின்னக் கண் திறக்காத எலிக்குஞ்சும் தேவைப்படும். வியாபாரமாக விற்பதென்றால் இங்கிலாந்தில் 2018 விதிகளின்படி உரிமம் வேண்டும். உங்கள் கவுன்சிலில் இப்போதே கேட்டுவையுங்கள்.