கத்திரி வெயிலும் ஒன்றேமுக்கால் வயதும்

கேள்வி: மகளுக்கு ஒரு வயது பத்து மாதம், மகனுக்கு எட்டு வயது. தர்மபுரி டவுனில் இருக்கிறோம். கணவருக்கு ஓசூரில் வேலை; ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். மே மாதத்தின் நாலு ஞாயிறுக்கும் திட்டம் போட்டுவிட்டோம்: ஒகேனக்கல், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, ஓசூர் தாண்டித் தளி பக்கம், கடைசியாகத் தீர்த்தமலையில் மகளுக்கு மொட்டை. சொந்த வண்டி என்றால் பைக்தான். "கத்திரியில பச்சப்புள்ளைய யாராவது ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்று மாமியார் சத்தம் போடுகிறார். போகலாமா? பாப்பாவைப் பரிசலில் ஏற்றலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
- வாசகி, தர்மபுரி

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. இந்த வயதில் எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட, அங்கே எத்தனை மணிக்கு நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. சின்னக் குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், வேர்வை குறைவு. அதனால் பெரியவர்களைவிட வேகமாக உடம்பு சூடேறும். "தாகமா இருக்கு, தலை சுத்துது" என்று சொல்லவும் தெரியாது. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஒன்பதரை, பத்து மணிக்குள் விளையாட்டு முடிந்துவிட வேண்டும். பத்து முதல் நாலு வரை கூரைக்கடியிலோ அடர்ந்த நிழலிலோ சாப்பாடு, தூக்கம். மிச்சம் நாலு மணிக்கு மேல். ஒரு நாளுக்கு ஒரே இடம். "அப்படியே வழியில அதையும் பாத்துட்டு வந்துடலாம்" என்று சேர்க்கிற இரண்டாவது இடம்தான் குழந்தையைக் கவிழ்க்கும்.

முதலில் பைக். நாலு பேரும் அதில் ஏறும் யோசனையை விட்டுவிடுங்கள். எட்டு வயதுப் பையனும் சட்டப்படி ஓர் ஆள். பாப்பாவுக்கென்று தனி விதியும் இருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை இரு சக்கர வாகனத்தில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-ல் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி இது. பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைத்தால் பிரேக் பிடித்த நொடியில் குழந்தையின் முகம் ஹேண்டில் பாரில்தான் மோதும். அதியமான்கோட்டை மாதிரிப் பக்கத்து இடங்களுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஒரு பெரியவர், பாப்பா என்று போகலாம். மற்றதற்கெல்லாம் பஸ், இல்லையென்றால் வாடகைக் கார். காரில் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காராதீர்கள். "ரெண்டு நிமிஷம், டீ வாங்கிட்டு வந்துடறோம்" என்று தூங்குகிற குழந்தையைப் பூட்டிய காரில் விடவே கூடாது. மூடிய கார் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரைக்கும் கூடுதலாகச் சூடாகும். கண்ணாடியை விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது.

ஒகேனக்கல்லுக்கு வருவோம், நீங்கள் அதிகம் கேட்டிருப்பது அதைத்தான். தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிற பாதை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பொதுவாக வண்டி வாந்தி வருவதில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லை கொடுக்கப் போவது மகன்தான். வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். ஒரு இட்லி கொடுத்து, முன்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்து, செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஊர் பள்ளத்தில் இருப்பதால் மே மாதப் பகலில் காற்றே இருக்காது. தண்ணீர் குறைந்திருக்கும்போது பாறைகள் நிறைய வெளியே தெரியும். பத்து மணிக்கு அவை தோசைக்கல். பாப்பாவைக் கீழே விடுவதற்கு முன் உங்கள் புறங்கையைப் பாறையில் ஐந்து நொடி வையுங்கள். உங்களால் வைக்க முடியவில்லையென்றால் அந்தப் பிஞ்சுக் கால் அங்கே படக் கூடாது. ஈரப் பாறையில் பாசி வழுக்கும். பின்பக்கப் பட்டை உள்ள ரப்பர் செருப்புப் போடுங்கள், பட்டை இல்லாதது முதல் அடியிலேயே கழன்று போய்விடும்.

பரிசல் வேண்டாம். "ஜாக்கெட் போட்டுத்தானே ஏத்தறாங்க" என்று தோன்றும். பாப்பா 11 கிலோ இருப்பாளா? அந்த எடைக்கான மிதவை ஜாக்கெட்டில் இரண்டு அம்சம் இருக்க வேண்டும்: கால்களுக்கு நடுவே போகும் பட்டை, தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கும் காலர். பெரியவர் அளவு ஜாக்கெட்டை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். சோதனை எளிது: ஜாக்கெட்டை மாட்டிவிட்டு அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். தாடையும் காதும் உள்ளே போனால் அளவு தப்பு. எட்டு வயது மகனுக்கும் இதே சோதனையைச் செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். சரியான ஜாக்கெட்டை நீங்களே வாங்கிப் போனாலும் எங்கள் பதில் மாறாது. பரிசல் சுற்றும்போது விளிம்பைப் பிடிக்க ஒரு கை வேண்டும், மிச்சமிருக்கும் ஒரு கையால் நெளிகிற குழந்தையை அடக்க முடியாது. முதல் நடையில் அப்பாவும் மகனும் போகட்டும், நீங்கள் பாப்பாவோடு முதலைப் பண்ணையைப் பாருங்கள். திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்; நீங்களும் அருவியைப் பார்க்காமல் வரக் கூடாது இல்லையா? கிளம்பும் முன் அன்றைய நீர்வரத்துச் செய்தியைப் பார்ப்பது அவசியம். பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர் கர்நாடகத்தில் பெய்யும் மழையையும் அங்கே அணைகளில் திறப்பதையும் பொறுத்தது. தர்மபுரியில் ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் ஆறு ஏறும், பரிசலை நிறுத்திவிடுவார்கள்.

குளியல்? அருவிக்கடியில் நிறுத்த வேண்டாம், விழும் நீரின் அடியில் குழந்தைக்கு மூச்சுத் திணறும். வீட்டிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப் கொண்டுபோய், நிழலில் வைத்து, நாலு விரல் உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விளையாடுவாள். அதிலும் கை எட்டும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், செல்போன் பையில் இருக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கும் குழந்தை சத்தம் போடுவதில்லை. அங்கே எண்ணெய் மசாஜ் பிரபலம். பெரியவர்கள் செய்துகொள்ளட்டும், பாப்பாவுக்கு வேண்டாம். எண்ணெய் பூசிய குழந்தை ஈரப் பாறைமேல் கையிலிருந்து மீன் மாதிரி வழுக்கும். மீன் என்றதும் ஞாபகம் வருகிறது: பொரித்த ஆற்றுமீனில் முள்ளும் மிளகாயும் அதிகம், மகனுக்கு ஆய்ந்து கொடுங்கள், பாப்பாவுக்கு வீட்டுச் சோறுதான். குரங்குகள் இருக்கிற இடத்தில் பாப்பாவின் கையில் பிஸ்கட் கொடுக்காதீர்கள். பிஸ்கட்டைப் பிடுங்கும்போது கையும் கீறும்.

சாப்பாட்டுப் பையில் தயிர்சாதத்தை இப்படிக் கட்டினால் மதியம் புளிக்காது. காலை நாலரைக்கு சோற்றைக் குழைய மசித்து, ஒரு டம்ளர் சோற்றுக்கு முக்கால் டம்ளர் காய்ச்சி ஆறிய பால், ஒரே ஒரு டீஸ்பூன் தயிர், துளி உப்பு. பத்து, பதினொரு மணிக்குப் பதமாக உறைந்திருக்கும். பன்னிரண்டு மணிக்குள் ஊட்டிவிடுங்கள். பால் பாட்டிலை வெளியே வைத்து எடுத்துப் போவது ஆபத்து. இந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாண்டிய பாலைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பால் இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால் பயணத்துக்கு அதைவிடச் சுலபம் எதுவுமில்லை. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை மூன்றும் நாலு வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் உட்காரும். சாலையோர நுங்கு நல்லதுதான், ஆனால் முழுசாகக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு தொண்டையை அடைக்கும். மேல்தோலை உரித்து, ஸ்பூனால் நசுக்கி ஊட்டுங்கள்.

தண்ணீர்: இந்த வயதில் பால், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு சுமார் 1.3 லிட்டர் நீர்ச்சத்து வேண்டும். வெயில் நாளில் அதற்கும் மேல். கேட்கும்போது கொடுப்பது என்று வைக்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொடி வேண்டும். 200 மில்லிக்குக் கலக்கும் 4.2 கிராம் சின்னப் பாக்கெட் நாலு வாங்கி வையுங்கள், லிட்டர் பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கலந்தால் அளவு தப்பும். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் இனிப்பு பான டப்பாவை அதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். சரியான கலவை இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, ஆனாலும் வாய்ப்பழக்கத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளநீர் தாகத்துக்குச் சரி. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, எனவே வயிற்றுப்போக்குக்கு அது ஈடாகாது.

டயப்பரைக் கவனியுங்கள். ஆறு மணி நேரமாக நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது என்றால் உடனே மருத்துவமனை. உடம்பு நெருப்பாகக் கொதித்து, குழந்தை துவண்டோ நினைவு தப்பியோ போனால் அது வெயில் தாக்கு. 108-க்குச் சொல்லிவிட்டு நிழலுக்குத் தூக்குங்கள், துணியைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். மயங்கிய வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் சிரப்பு இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

மதியத் தூக்கத்துக்குப் பழைய பருத்திப் புடவையில் தூளி கட்டுவதே மேல். நம் பக்கம் புளியமரத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் தொடை பருமன் உள்ள பச்சைக் கிளையாகப் பாருங்கள், முதலில் பெரியவர் ஒருவர் தொங்கி இழுத்துப் பார்க்கட்டும், தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். பாய் விரிக்கும் முன் இடத்தைக் குச்சியால் தட்டுங்கள், கல்லைப் புரட்டாதீர்கள், மகனையும் புரட்ட விடாதீர்கள். அடியில் தேள் இருக்கும். செந்தேள் கொட்டிய சின்னக் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது எல்லாம் விஷம் இதயத்தைத் தாக்கும் அறிகுறி. வெங்காயம் தேய்ப்பதிலும் மந்திரிப்பதிலும் நேரம் போக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அதற்கு மருந்து உண்டு. ஒகேனக்கல் பாதையில் என்றால் பென்னாகரம், தர்மபுரி பக்கம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மற்ற இடங்களில் எது பக்கமோ அந்த அரசு மருத்துவமனை.

கே.ஆர்.பி. அணைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பூங்காவுக்கு மாலை நாலரைக்குப் போங்கள், சறுக்குமரத்துக்கும் அதே புறங்கைச் சோதனை. தென்பெண்ணைத் தண்ணீர் விளிம்புக்கு மட்டும் பாப்பாவை இறக்காதீர்கள்.

தளி பக்கம் உயரமான இடம், வெயில் தணிவாக இருக்கும். கோடைக்கு உங்கள் பட்டியலில் இதுதான் நல்ல இடம் என்போம். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சுற்றிலும் யானைக் காடு. இருட்டுவதற்குள் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள், காட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். இன்னொன்று கோடை மழை. மே மாத மதியத்தில் மேகம் கறுத்து இடி கேட்டதும் தூளியை அவிழ்த்துக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும், மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

போகிற வழியெல்லாம் மாந்தோப்பு. குழந்தைக்குக் காய் பறித்துக் காட்ட ஆசைப்படுவீர்கள். தோட்டக்காரரிடம் மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காம்பில் வடியும் பால் பட்டால் வாயைச் சுற்றிப் புண்ணாகும், பெரியவர்களே தப்புவதில்லை. காம்புப் பக்கம் ஒரு விரல்கடை வெட்டித் தள்ளி, பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, தோல் சீவிய துண்டாக மட்டும் கொடுங்கள்.

கடைசியாக மொட்டை. தீர்த்தமலைக்குப் படி ஏற வேண்டும். கோயில் நடை திறக்கும் நேரத்துக்கு அங்கே இருக்கும்படி கிளம்பி, வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். பாப்பாவைத் தோளில் வைக்காதீர்கள். முன்பக்கம் துணியால் கட்டிக்கொண்டால் படி ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கும். முடியிறக்குபவர் உங்கள் கண் முன்னால் புது பிளேடைப் பிரித்துப் போட வேண்டும். கையோடு ஒரு பாக்கெட் வாங்கிப் போனால் வாக்குவாதம் இல்லை. தூங்கி எழுந்து பசியாறிய நேரத்தில் செய்யுங்கள். தூக்கக் கலக்கத்தில் தலையை ஆட்டும் குழந்தைக்குத்தான் வெட்டு விழும். சந்தனம் குளிர்ச்சிதான், ஆனால் வெயிலைத் தடுக்காது. வெட்டு விழுந்த இடத்தில் பூசவும் வேண்டாம். இதுவரை வெயிலே படாத அந்தத் தலை அரை மணி நேரத்தில் சிவந்துவிடும். காதையும் பிடரியையும் மூடுகிற அகல விளிம்புப் பருத்தித் தொப்பி, தாடைக்குக் கீழே நாடாவோடு, இரண்டு வாங்குங்கள். ஒன்று எப்படியும் மலையில் பறந்து போகும்.