வாகனம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய் வருகிறேன். 1000 சீசீ ஓட்டோ கியர் கார். லீற்றருக்கு 12 கிலோமீற்றர்தான் ஓடுகிறது. இதே கார் வைத்திருக்கும் நண்பருக்கு 16 ஓடுகிறதாம். இத்தனைக்கும் முன்னால் சனத்தைக் கண்டால் நியூட்ரலில் போட்டுத்தான் உருட்டுகிறேன். எஞ்சினில் பிழையா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் அந்த 12 சரிதானா என்று பாருங்கள். பெற்றோல் முள்ளைப் பார்த்துப் போடும் கணக்கு சரிவராது. பம்ப் தானாக நிற்கும்வரை பெற்றோல் அடித்து, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். 300 கிலோமீற்றராவது ஓடியபின் அதே செட்டில், அதே பம்பில் மறுபடி அப்படியே நிரப்புங்கள். 306 ஓடி 25.5 லீற்றர் பிடித்தால் 12 என்பது உண்மை.

நியூட்ரல் பழக்கத்தை இன்றே விடுங்கள். அது, பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் பழைய கருவியான காபரேட்டர் காலத்துப் புத்திமதி. கணினி அளந்து பெற்றோலை விசிறும் இன்ஜெக்டர் எஞ்சினில், கியரில் இருக்கும்போது அக்சிலேட்டரை விட்டால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். பெற்றோல் அடியோடு நின்றுவிடும். எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சமாக இறங்கிய பிறகுதான் மறுபடி வரும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கவே பெற்றோல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சின் பிடிப்பும் இராது, பாரம் முழுக்க பிரேக்கில்.

பெரிய விரயம் காத்தான்குடி, ஆரையம்பதி நெரிசலில்தான். ஓட்டோவை முந்த அழுத்தி மிதித்து, ஐம்பது மீற்றரில் பிரேக் அடித்தால், வேகமெடுக்கக் குடித்த பெற்றோல் அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகிப் போகிறது. 150, 200 மீற்றர் முன்பே காலை எடுத்து, கியரிலேயே உருண்டு வாருங்கள். கிளம்பும்போது சுற்று 2500ஐத் தாண்ட வேண்டாம். வெறும் வீதியில் 70க்குப் பதில் 90இல் போனால் காற்றின் எதிர்ப்பு சுமார் 1.65 மடங்காகும், 25 கிலோமீற்றரில் மிஞ்சும் நேரமோ ஐந்து நிமிடம்கூட இல்லை.

இவ்வளவும் செய்தும் ஏறாவிட்டால் ரயரையும் பிரேக்கையும் பாருங்கள். ரயர் குளிர்ந்திருக்கும் காலையில், சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். பிறகு, அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓடி வந்து நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் மற்றதைவிட அனல் வீசினால் அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது. கடலோரத்து உப்புக் காற்றில் கலிப்பர் பின் (பிரேக் கட்டையை அழுத்தும் கலிப்பர் நகர உதவும் கம்பி) துருப்பிடித்து இறுகுவது சகஜம். கழற்றித் துப்புரவாக்கி, அதற்கென்றுள்ள கிரீஸ் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் அங்குள்ள இறப்பர் உறையை ஊத வைத்துவிடும்.

கேள்வி: ஏ.சி. போடுவதா, கண்ணாடியைத் திறப்பதா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: ஊருக்குள் மெதுவாகப் போகையில் கண்ணாடிதான் மிச்சம். வேகம் கூடக்கூட திறந்த கண்ணாடியே காற்றைத் தடுத்து இழுக்கும், அப்போது ஏ.சி. போடுங்கள். வெயிலில் நின்ற கார் என்றால் கண்ணாடியைத் திறந்து ஓரிரு நிமிடம் ஓடி, சூட்டை வெளியேற்றிய பின் ஏ.சி. போட்டு, உள்காற்றுச் சுழற்சி பொத்தானை அழுத்துங்கள். காரை நிறுத்தி வைத்து ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பதுதான் மோசம்: லீற்றருக்குப் பூச்சியம் கிலோமீற்றர்.