உப்புத் தண்ணீருக்கு ஆறாத தொண்டை

கேள்வி: மூத்த மகள் நாலு நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். கோபத்தில் மருமகன் கழுத்தைப் பிடித்துவிட்டாராம், அடிக்கவில்லையாம். குரல் கம்மியிருந்ததால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். மற்றபடி அவர் குடிக்க மாட்டார், பெரியவர்களுக்கு மரியாதை தருபவர். தை மாதம் இளையவளுக்கு நிச்சயம் வைத்திருக்கிறோம். அதற்குள் மூத்தவளைக் கொண்டுபோய் விட வேண்டும். மருமகனிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: பேச்சை ஆரம்பிக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நடுவே போகிறபோக்கில் 'குரல் கம்மியிருந்தது' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

கழுத்தைப் பிடித்த பிறகு குரல் கம்முகிறது என்றால் குரல்வளை அடிபட்டு உள்ளே வீங்கியிருக்கிறது என்று பொருள். சளிக்குச் செய்யும் வைத்தியம் இதற்கு எதற்கு? கழுத்து ரத்தக் குழாய்களை அழுத்தினால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும், சில நிமிடங்களில் உயிரே போகும். தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இத்தனையும் நடக்கும். குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் அங்கே ரத்தம் உறைந்து, சில நாளோ சில வாரமோ கழித்துப் பக்கவாதம் வரலாம். இளம் வயது என்று அது பார்க்காது.

'அடிக்கவில்லையாம்' என்றதும் உங்களுக்கு மனசு ஆறியிருக்கிறது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கணவனோ காதலனோ ஒருமுறை கழுத்தை நெரித்த பெண், பிறகு அவன் கையாலேயே கொல்லப்படும் அபாயம் ஏறக்குறைய 7 மடங்கு என்று 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கோபம் என்கிறீர்கள். பெரியவர்கள் முன்னால் அடங்கி, மனைவியிடம் தனியாக இருக்கும்போது மட்டும் வருவதற்குப் பெயர் கோபமா?

இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போகுமுன் தனியாக உட்கார வைத்து, 'ஏதாவது பிரச்சினையா' என்று பொதுவாகக் கேட்காமல் நேராகக் கேளுங்கள். நினைவு தப்பியதா? தன்னையறியாமல் சிறுநீர் போனதா? விழுங்கும்போது வலிக்கிறதா? ஒரு பக்கம் மரத்துப்போகிறதா? கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். மூச்சுத் திணறலோ, ஒரு பக்கம் மரத்துப்போவதோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் 'தொண்டைக் கட்டு' என்று மழுப்பாமல் 'கணவர் கழுத்தை நெரித்தார்' என்றே சொல்ல வேண்டும். அப்போதுதான் கழுத்து ரத்தக் குழாய்க்கு சி.டி. ஆஞ்சியோ தேவையா என்று பார்ப்பார்கள், மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவும் அதே வார்த்தையில் இருக்கும். காவல் நிலையப் புகாரிலும் அப்படித்தான். 'கைகலப்பு' என்று எழுதிக் கொடுத்தால் அது சாதாரணத் தகராறாகப் போய்விடும். மனுவை வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவள் இப்போது தங்கியிருக்கும் உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். புகுந்த ஊருக்கு அலைய வேண்டாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இளையவளின் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. சம்பந்தி வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். மூத்தவள் பிறந்த வீட்டில் இருக்கிறாள் என்பதற்காகப் பின்வாங்குகிற குடும்பம், நாளை இளையவளுக்கு ஒன்று என்றால் என்ன செய்யும்? பெண்ணைக் கட்டிக்கொடுத்ததோடு பெற்றவர்கள் கடமை முடிந்துவிட்டது என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மருமகன் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வரட்டும். தனியறையில் அவளோடு பேச மட்டும் விடாதீர்கள். மிரட்டினால் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். 'இனிமேல் கை வைக்க மாட்டேன்' என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கும் பஞ்சாயத்துக்கும் உட்காராதீர்கள். அந்தத் தாளை மீறினால் அவருக்கு எதுவும் ஆகாது. கோர்ட் கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.